புதன்கிழமை பதினொரு மணி

...இன்றைக்கென்று பார்த்துப் புதன்கிழமையாக இருந்து தொலைக்க வேண்டுமா, இந்த மழைக்கு வேறு கிழமையே கிடைக்கவில்லையா, அணைப் பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டார், நீர் விளிம்பைத் தொட இன்னும் ஓரடிதான், திறக்காவிட்டால் அணையே போய்விடும், விடிந்ததிலிருந்து கெஞ்சியும் ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்று இழுத்தடித்த மேலதிகாரியின் உத்தரவு வந்தது பத்து ஐம்பத்தைந்துக்கு, வந்ததும் சைரனை அமுக்கியாயிற்று, சரியாகப் பதினொன்று... அரை மணியில் ஷட்டரைத் தூக்கியாக வேண்டும், அதற்குள் ஆற்றோரத்து ஜனம் மேடேற வேண்டும், ஏறுமா? புதன்தோறும் பதினொரு மணிக்குச் சைரனைச் சோதிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் யார்? இவரேதான். யாரும் பதறிவிடக் கூடாதென்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து, பாராட்டுப் பத்திரம்கூட வாங்கி... சோதனைக்கொரு சத்தம், நிஜத்துக்கொரு சத்தம் என்று மாற்றிக் கூவ அந்தக் கிழட்டு இயந்திரத்துக்குத் தெரியாது. கேமரா திரையில் தெரு தெரிந்தது, யாரும் ஓடவில்லை, சைரன் கேட்டதும் ஒருவர் நின்று கைக்கடிகாரத்தில் மணியைச் சரிசெய்துகொண்டு நடந்தார், அடப்பாவி, ஓடுய்யா!

அக்கா இருப்பது கரையோரத் தரைத்தளத்தில், மூட்டு வலிக்காரி, முதல் மணிக்கே போனை எடுத்தாள். “அக்கா, ஒடனே மாடிக்குப் போ.” “ஏன்டா, சைரன் கேக்குதே, புதன்கிழமைதானே?” “இது நெஜம்க்கா, தண்ணி வருது.” “போன வாரமும்தான் ஊதின. அடுப்புல பால் பொங்குது, அப்புறம் பேசறேன்டா...” சைரன் கேட்டால் தம்பி நல்லா இருக்கான்னு நெனச்சுக்கோ, என்று அவளிடம் சொல்லிவைத்ததும் இதே வாய்தானே, வாரா வாரம் அதைக் கேட்டு நிம்மதியாகியிருப்பாள், இப்போதும் நிம்மதியாகப் பால் இறக்கிக்கொண்டிருப்பாள்... மறுபடி அழைத்தார், எடுக்கவில்லை. மறுபடி, எடுக்கவில்லை. காவல் நிலையத்தில், “வண்டி அனுப்பியிருக்கோம் சார், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க” என்றார்கள்.

பதினொன்று முப்பது. “சார், தூக்கலாமா?” ஷட்டர் இயக்குபவர் கேட்டது இரண்டாம் முறை போலிருந்தது. தூக்குங்க, என்று சொன்னது தன் குரல்தானா... கீழே இரும்பு முனகியது, எப்படி இவர்களுக்குப் புரியாமல் போயிற்று, இத்தனை மழையைப் பார்த்துமா, அவ்வளவு மடையர்களா என்று ஆத்திரத்தோடு மேசையைப் பார்த்தார். சோதனைப் பதிவேடு திறந்திருந்தது. இன்றைய தேதிக்கு நேரே, மணி பதினொன்று, சைரன் சரியாக ஒலித்தது என்று அவருடைய கையெழுத்தில் எழுதியிருந்தது. எப்போது எழுதினார்? மை காய்ந்தேவிட்டிருந்தது.