சோடா என்று கூப்பிட்டால்

பந்து போய் விழுந்த இடத்தில் ஆளே இல்லை. அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர், தன் தலைக்குப் பின்னால் வளைத்து அனுப்பிய பந்து. விரல் நுனியில் ஏறி, சுழலாமல், வலையை ஒட்டியே மிதந்து போய், ஓங்கி அடிப்பதற்கென்றே அளந்து வைத்த உயரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு சீந்துவாரில்லாமல் தொப்பென்று தரையில் விழுந்தது. அந்தப் பருவம் முழுக்க அவள் தூக்கியவற்றில் அதுதான் அழகான பந்து. வாலிபால் அரையிறுதியின் கடைசிப் புள்ளியும் அதுதான். வலைக்கு அந்தப் பக்கம் கட்டிப்பிடித்துக் கூத்தாடத் தொடங்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் மற்ற ஐந்து பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

"யாருக்குடி குடுத்த?" என்றாள் கேப்டன்.

"பின்னாலருந்து கூப்பிட்டாங்களே. நல்லாக் கேட்டுச்சே."

அப்போது அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. "சோடா! சோடா! சோடா!" வலது பக்கப் பார்வையாளர் படிகளில் ஒரு ஆள், கழுத்தில் தொங்கிய தட்டில் பாட்டில்கள் கிணுகிணுக்க, தன் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

அவளுடைய பட்டப்பெயரே சோடாதான். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகை தெரியாமல் போன வயதில் போட்ட கண்ணாடிக்காக யாரோ சோடாபுட்டி என்று வைத்தார்கள். வருஷத்துக்கு வருஷம் கண்ணாடி தடித்தது, பெயர் மெலிந்து சோடா ஆனது. அவளுக்கும் அதில் கோபமில்லை. சொல்லப்போனால் வாலிபாலுக்கு வசதியான பெயர். பந்து தனக்கு வேண்டும் என்கிறவள் ஓடி வரும்போதே "சோடா!" என்று ஒரு கத்தல் கத்துவாள், குரல் வந்த திசைக்குப் பந்து போய்விடும். கண்ணாடி முகத்தில் நிற்காமல் காண்டாக்ட் லென்ஸுக்கு மாறிய பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. லென்ஸும் சொன்னபடி கேட்கிற ஜாதியில்லை. வியர்வையில் நழுவும், தூசியில் உறுத்தும். அன்றைக்கு ஒன்று கீழே விழுந்து காணாமல் போனது, இன்னொன்று இமைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் உலகமே கரைந்த சாயமாக இருக்க, காதை மட்டும் நம்பி ஒரு செட் முழுக்க ஆடினாள். யாருக்கும் தெரியவில்லை, சோடாக்காரர் வரும் வரைக்கும்.

வேனில் ஊருக்குத் திரும்பும்போது தோற்ற துக்கத்தையும் மீறி எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளே மானம் போய்க்கொண்டிருந்தது. கோச் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கும்போது அவளைத் தனியாக நிறுத்திக் கேட்டார்.

"லென்ஸ் விழுந்ததை ஏன் சொல்லல?"

"சொன்னா வெளிய உக்கார வச்சிருப்பீங்க மேடம்."

"வச்சிருப்பேன்தான். நெட்டை சும்மாதானே நின்னா?" நெட்டை அணியின் இரண்டாவது செட்டர். "உன் கை மாதிரி கை இங்க யாருக்கும் இல்ல. ஆனா காதால ஆடற செட்டரை வச்சு அடுத்த சீசனை ஆட முடியாது. கண்ணுக்கு ஒரு வழி பண்ணிட்டு வா. ரெண்டு பேரையும் எதிரெதிர் பக்கம் விட்டுப் பாக்கறேன். அப்புறம்தான் முடிவு."

கண் டாக்டர் அவசரப்படாத மனுஷி. சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைக் குடைந்து குடைந்து பார்த்து, அளவெல்லாம் எடுத்துவிட்டுச் சொன்னார். "உங்களுக்கு லேசர் சரிவராது. பவரும் ஜாஸ்தி, கருவிழியும் மெல்லிசு. சீவறதுக்கு அங்க ஒண்ணுமில்ல. கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கலாம். கண்பாப்பாவுக்குப் பின்னாடி, உங்க சொந்த லென்ஸுக்கு முன்னாடி. உள்ள போயிட்டா விழாது, தேடவும் வேண்டாம்."

"ஆபத்து?"

"இருக்கு. சீழ் பிடிக்கலாம், கண்ணுல அழுத்தம் ஏறலாம், வயசுக்கு முன்னாடியே புரை விழலாம். அடிக்கடி நடக்கறதில்ல. நடக்கவே நடக்காதுன்னு என்னால சொல்ல முடியாது. விளக்கைச் சுத்தி வளையம் தெரியும், போகப் போகப் பழகிடும். வீட்ல பேசிட்டு வாங்க."

"பேசறேன் டாக்டர். ஆனா நான் முடிவு பண்ணிட்டேன்."

முடிவு பண்ணியது உண்மை. வீட்டில் பேசுவது என்பதுதான் வலையைவிட உயரமாக நின்றது. வீடு என்றால் அம்மா ஒருத்திதான். சலவைக் கடையின் பின்னறையில், அளவு சரியில்லாத துணிகளைப் பிரித்துத் தைப்பது அம்மாவின் வேலை. அதே தடிமனில் கண்ணாடி. ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் அதைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசியை மூக்குவரை கொண்டுபோய் ஒரே தடவையில் கோத்துவிடுவாள். மகள் கண்ணாடியோடு ஆடிய நாட்களில், அது விழாமலிருக்க இடுப்பு எலாஸ்டிக்கை மடித்து, தலைக்குப் பின்னால் மாட்ட ஒரு பட்டை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். காண்டாக்ட் லென்ஸ் வந்ததும் அந்தப் பட்டை டிராயருக்குள் போனது. அம்மா அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

"நல்லா இருக்கற கண்ணுல கத்தி வைக்கப் போறியா?" தையல் மெஷின் நின்றுவிட்டது.

"நல்லா இருந்தா ஏம்மா வைக்கப் போறேன்?"

"எனக்கும் இதே கண்ணுதான். நான் பொழைக்கல? தினம் தினம் நூல் கோக்கல?"

"ஊசி உன் கையிலயே இருக்கும்மா. பந்து அங்க இருக்கு."

அம்மா ஒரு காற்சட்டையின் விளிம்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே நீவியதுதான். "ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றாள். ராத்திரியும் பகலும் மகளும் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தின் நடுவே அந்தப் பந்து தனியாக விழுந்த சத்தம் இந்தப் பயத்தைவிடப் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவே மெதுவாகச் சொன்னாள்.

"என் மூக்கு, என் நிறம், என் கோவம், எல்லாத்தையும் வச்சுக்கிட்ட. கண்ணை மட்டும் புடுங்கி எறியற மாதிரி இருக்குடி எனக்கு."

அதுவரை அம்மாவின் பயம் கத்தியைப் பற்றியது என்றே அவள் நினைத்திருந்தாள். பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எறியலம்மா. கண்ணுக்குள்ள ஏற்கெனவே ஒரு லென்ஸ் இருக்காம். அதை எடுக்கறதேயில்ல. நீ குடுத்தது குடுத்த இடத்துலயே இருக்கும். அதுக்கு முன்னால மெல்லிசா இன்னொண்ணு வைக்கிறாங்க, அவ்வளவுதான்."

அம்மா யோசித்தாள். "லைனிங் கொடுக்கற மாதிரியா?"

"ஆமாம்மா. லைனிங்தான்."

"பிடிக்கலைன்னா பிரிச்சிடலாமா?"

"பிரிச்சிடலாமாம்."

"என்னவோ போ," என்று மெஷினை மறுபடி மிதித்தாள். அம்மாவின் அகராதியில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

அளவு சரியாகக் கிடைப்பதற்காகச் சில வாரம் காண்டாக்ட் லென்ஸ் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரங்களில் சோடாபுட்டிக் கண்ணாடியோடு மைதானத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் இடத்தில் நெட்டை ஆடினாள். நன்றாகவே ஆடினாள், அதைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. எரிந்தாலும் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் ஊமைக்கோட்டானைக் கவனித்தாள். நடுவில் நின்று அடிக்கும் பெண் அவள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். பந்து யாருக்குப் போனாலும் இவள் ஓடி வந்தாள், எகிறினாள், உள்ளங்கையை விரித்துக்கொண்டு மேலே போனாள், வெறுங்கையோடு கீழே வந்தாள். திரும்பத் திரும்ப அதேதான். இத்தனை வருஷமும் தன் முதுகுக்குப் பக்கத்திலேயே இது நடந்திருக்கிறது என்று புரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தண்ணீர் குடிக்க வந்தவளிடம் கேட்டாள். "நீ ஏன் கூப்பிடவே மாட்டேங்கற?"

"கூப்பிட்டா எதிர்ல நிக்கறவளுக்கும் கேக்குமே," என்றாள் கோட்டான். பாட்டிலை மூடிவிட்டு, "கை காட்டறேன்ல," என்று சொல்லிப் போய்விட்டாள். அன்றைய கணக்குக்கு அது பெரிய பிரசங்கம்.

முதலில் வலது கண், சில நாள் கழித்து இடது. மரத்துப் போக மருந்து விட்டிருந்தார்கள். இமைகளை விரித்துப் பிடித்து, "விளக்கையே பாருங்க, அசையாதீங்க," என்றார் டாக்டர். வலி இல்லை, ஓர் அழுத்தம், தண்ணீருக்குள் யாரோ எதையோ விரிப்பதைப் போல ஓர் அசைவு. தலை அசையாமல் இருந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் கண்மூடியை எடுத்தபோது எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரமும், அதில் ஓடும் மெல்லிய சிவப்பு முள்ளும் இருந்தன. தேம்பலை அடக்க முடியவில்லை. "அழாதீங்க, இப்பதான் மருந்து விட்டேன்," என்று நர்ஸ் அதட்டினாள்.

இரண்டு கண்ணும் ஆறி, மறுபடி ஆடலாம் என்று சொன்ன அன்றுதான் டாக்டர் கூடவே இன்னொன்றையும் சொன்னார். "பந்து நேரா அடிச்சா எந்தக் கண்ணும் தாங்காது. ஆடும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கணும். பவர் கிடையாது, வெறும் கவசம்தான்."

துணைக்கு வந்திருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இவ்வளவு கூத்தும் பண்ணி, கடைசியில கண்ணாடியா?" வீட்டுக்கு வந்ததும் டிராயரைத் திறந்து பழைய பட்டையை எடுத்தாள். எலாஸ்டிக் தொய்ந்திருந்தது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வைத்துத் தைத்தாள்.

கோச் சொன்னபடியே இரண்டு செட்டர்களையும் வலைக்கு இரு பக்கமும் நிறுத்தினார். கண்ணாடியோடு அவள் உள்ளே வந்ததைப் பார்த்து, "சோடா திரும்பி வந்துட்டா டோய்!" என்று கேப்டன் கத்த, கூரை அதிரச் சிரிப்பு. மேலே ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் மெல்லிய வளையம் தெரிந்தது. முதல் சில பந்துகளில் கை பழைய கையாக இல்லை. காது முந்திக்கொண்டு குரல் வந்த பக்கமே இழுத்தது. எதிரில் நெட்டை சளைக்காமல் ஆடினாள். புள்ளிகள் மாறி மாறி ஏறி, கடைசியில் சமமாக வந்து நின்றன. கோச் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

பின்வரிசையிலிருந்து பந்து எழும்பி வந்தது. அதன் தையல் கோடு சுழல்வது தெரிந்தது. இடது ஓரத்திலிருந்து "சோடா!" என்று கேப்டன் கத்தினாள். பின்னாலிருந்து இன்னொரு "சோடா!" எதிர்ப்பக்கத்துத் தடுப்புக்காரிகள் ஆளுக்கொரு குரலை நம்பி, ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். அவள் கழுத்தைத் திருப்பவில்லை. கடைக்கண்ணில், ஒரு சத்தமும் இல்லாமல், ஓர் உள்ளங்கை விரிந்து மேலே போய்க்கொண்டிருந்தது. சுண்டுவிரலில் வெள்ளை பிளாஸ்திரி. அதன் ஓரத்தில் பிரிந்து தொங்கிய ஒற்றை நூல்கூடத் தெரிந்தது. பந்து அவள் விரல்களை விட்டு அதை நோக்கிக் கிளம்பியது.