உள்வரவு எண் 114-க்குப் பதில்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு சுற்றறிக்கையில். அதை எழுதிய புண்ணியவானும் நானே.

1998 தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் குமாஸ்தாவாக இருக்கும் பட்டறைக்கு இமெயில் வசதி வந்தது. தகடு வெட்டி வாஷர் அடிக்கும் கம்பெனி. எல்லோருக்கும் சேர்த்து ஒரே முகவரி, ஒரே கம்ப்யூட்டர். அதற்கு மட்டும் ஏசி அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டெலிபோன் ஆபரேட்டர் வனஜா தினமும் பதினோரு மணிக்கு ஒருமுறை இணைப்புப் போட்டு, வந்ததை எடுத்து, போக வேண்டியதை அனுப்புவார்.

கடிதம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. (யாரிடம் என்று கேட்காதீர்கள்.) அதனால் மேனேஜர் வீரராகவன் சார், இமெயிலுக்குப் பதில் போடும் பண்புகளை எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார். அவர் கேட்டது அரைப் பக்கம். நான் எழுதியது நான்கு பக்கம். அது இன்றும் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஏசி காற்றில் ஒரு மூலை பிய்ந்து ஆடுகிறது.

2

கதையை இப்படித் தொடங்கலாம் என்று பார்த்தேன்:

ஷார்ஜாவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், தேவராஜ் தன்

நிறுத்திவிட்டேன். நான் ஷார்ஜாவைக் கண்டேனா? எனக்குத் தெரிந்த வெயில் பட்டரவாக்கம் பிளாட்பாரத்து வெயில்தான். இன்னொன்று:

நட்பு என்பது

இதற்கு மேல் ஓடவில்லை. நல்லவேளை.*

* வேண்டாத வரிகளை ஏன் விட்டு வைத்திருக்கிறான் என்று தோன்றும். சுற்றறிக்கை, விதி ஏழு: எந்த வரைவையும் கிழிக்கக் கூடாது, கோப்பில் வைக்க வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்தவன் கொஞ்சமாவது கடைப்பிடிக்க வேண்டாமா?

3

தேவராஜ் எங்கள் பட்டறையில் டை செட் பண்ணுகிறவன். பிரஸ்ஸில் அச்சைப் பொருத்தினால் முதல் அடியிலேயே வாஷர் சரியாக விழும். திருநின்றவூரில் அவன் வீட்டுக்கு நான்காவது வீடு என் வீடு. எட்டு வருடம் ஒரே ரயிலில் வந்து போனோம். அந்த ஏப்ரலில் வயிற்றுவலி என்று பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான். கம்பெனியில் எனக்கு மட்டும்தான் சொன்னான். அவன் மனைவி சொர்ணத்துக்கு அப்போது ஆறு மாதம்.

லீவு முடிந்து பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அவனிடமிருந்து கம்பெனி முகவரிக்கு மெயில் வந்தது. கவரின் மேல் பெயர் எழுதினால் அந்த ஆளிடம்தானே போய்ச் சேரும்? அதே நம்பிக்கையில் 'ஆனந்தனுக்கு மட்டும், பர்சனல்' என்று தலைப்பில் என் பெயரைப் போட்டிருந்தான். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"மச்சான், இங்க ஒத்து வர்ல. வியாழக்கெழம ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க. போட்டா பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்குவாங்க. திரும்பி வந்தா நம்ம கம்பெனில சேத்துக்குவாங்களா? நீ வான்னு ஒரு வார்த்த சொல்லு, வந்துகினே இருப்பேன்."

விதி ஒன்று: வரும் மெயிலை அச்செடுத்து, முத்திரை குத்தி, எண் போட்டு, சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வனஜா சற்றுத் தயங்கிவிட்டு என் விதிப்படியே செய்தார். உள்வரவு எண் 114. என் பார்வைக்கு வரும் முன்பே ஸ்டோர்ஸ் முனியன் உட்பட ஆறு பேர் சுருக்கொப்பம் இட்டிருந்தார்கள். தேவராஜின் வயிற்றுவலி ஷார்ஜாவில் இருக்கிறது என்பது மதியச் சாப்பாட்டுக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

4

(இங்கே வனஜாவுக்கும் தேவராஜுக்கும் ஏதோ இருந்தது என்று வாசகர் எதிர்பார்க்கக்கூடும். இரண்டாம் வரைவில் நானும் ஆசைப்பட்டேன். ஒன்றும் இல்லை. வனஜா திருவேற்காட்டில் கணவர், இரண்டு பெண்களுடன் குடும்பம் நடத்துகிறவர்.)

வனஜா அன்றைக்கே கேட்டார்: "வாடான்னு ஒரு வார்த்த அடிச்சா இன்னா சார் கொறஞ்சிடும்? லைன இன்னொரு தபா போட்டு, இப்பவே அனுப்பிடறேன்."

அது முறையல்ல என்று விளக்கினேன். விதி மூன்று: பதிலுக்கு முதலில் வரைவு, பிறகு ஒப்புதல். குறிப்பெழுதி மேனேஜர் மேஜைக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அது திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல்: 'பேசவும்.' பேசப் போனேன், உள்ளே யாரோ விருந்தாளி. கதவைத் தட்டுவது மரியாதையில்லை என்று திரும்பிவிட்டேன். புதன்கிழமை அவர் ஓசூர் போய்விட்டார். வியாழன் மதியம்தான் பேசினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வரட்டும்யா. டை செட் பண்ண ஆளில்லாம மூணாம் நம்பர் பிரஸ் சும்மா கெடக்குது."

அவ்வளவுதான். நான்கு நாள் நான் சுமந்த மலை அவருக்கு அரை நிமிட வேலை.

பதினோரு மணி இணைப்பு முடிந்துவிட்டிருந்தது. இன்னொரு முறை போடச் சொல்லியிருக்கலாம். நான் உட்கார்ந்து அழகாக எழுதினேன். இருபத்திரண்டு வரி. விதி இரண்டின்படி நலம் விசாரித்தேன். கோப்பில் உள்ள காரணத்தைத்தானே குறிப்பிட வேண்டும்? 'தங்கள் வயிற்றுவலி குணமடைந்திருக்கும் என நம்புகிறோம்' என்று எழுதினேன். கடைசியில், 'தாங்கள் நேரில் வந்து பணியில் சேர விரும்பும் பட்சத்தில் நிர்வாகம் சாதகமாகப் பரிசீலிக்க வாய்ப்புள்ளது.' நகல்: மேனேஜர், ஸ்டோர்ஸ், கோப்பு.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனது. சனிக்கிழமை பதில் வந்தது.

"நல்லா மரியாதையா எழுதி கீற. நேத்தே கையெழுத்து போட்டுட்டேன். சொர்ணத்தாண்ட நீயே சொல்லிடு."

(வியாழன் போட்ட கையெழுத்து. வெள்ளிக்கிழமை எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு சொர்ணத்திடம் நான் எப்படிச் சொன்னேன் என்ற பகுதியை மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் நான் நல்லவனாக வந்துவிடுகிறேன். அதனால் எடுத்துவிட்டேன். அவள் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் நிஜம்.)

5

முடிவுகள் சில கைவசம் உள்ளன.

வனஜா எனக்குத் தெரியாமல் திங்கட்கிழமையே 'வாடா' என்று அனுப்பிவிடுகிறார். தேவராஜ் வந்துவிடுகிறான். என் நான்கு பக்கத்தையும் கிழித்து பஜ்ஜி மடிக்கிறார்கள். இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் வனஜா அப்படிச் செய்யவில்லை. விதியை மீறினால் நான் மெமோ கொடுப்பேன் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார். கொடுத்திருப்பேன்.

இன்னொன்றில் தேவராஜ் அங்கே அமோகமாக இருக்கிறான், நான் தாமதித்ததே நல்லதாகிவிடுகிறது. இதை எழுதும்போது எனக்கே கூசியது.

நடந்தது இதுதான். ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் செய்தியை மட்டும் அன்றே அனுப்பினேன், ஆறு பத்தி. இப்போது 1999 மார்ச். அவன் இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை. சொர்ணத்தின் இடுப்பில் என் வீட்டு வாசலைக் கடக்கும்போது அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

6

போன திங்கட்கிழமை ஒரு மெயில் வந்தது.

"பாப்பா போட்டோ வந்துச்சு மச்சான். ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு கீது. அன்னிக்கி வான்னு ஏன் நீ எழுதல?"

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தவன்தான் இந்தக் கதையை எழுதிவிட்டேன். பதில் எனக்குத் தெரியும். வான்னு நான் சொல்லி, அவன் வந்து, கம்பெனி சேர்க்காமல் போயிருந்தால், பழி என் தலையில் விழும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குப் பண்பு என்று பெயர் வைத்து, நான்கு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். இதைச் சொல்ல இரண்டு வரி போதும். நான் எழுதிப் பார்த்தால் 'தங்கள் மடல் கிடைக்கப்பெற்றேன்' என்றே கை ஓடுகிறது.

இன்று வியாழக்கிழமை. மணி பத்து ஐம்பது. வனஜா கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, அனுப்ப ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். இந்த முறை வரைவுக்கு ஒப்புதல் கேட்கவில்லை. வாசகரே, எழுதும் வேலையை உங்களிடம்தான் தருகிறேன். என்னைக் காப்பாற்றாமல், இரண்டு வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள். நகல் யாருக்கும் வேண்டாம். முதல் சொல்லை மட்டும் நானே போட்டுவிட்டேன். அதற்கே எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

மச்சான்,