மாற்றாக வந்த பெண்

பிரெஞ்சு தெரியாதவனுக்குத் துணிச் சந்தையில் தரகன் சொன்னதுதான் விலை. அதனால் கென்ட் நகரத்தில் எங்களுக்கொரு வழக்கம். நம் பிள்ளை பிரெஞ்சு பேசும் ஊரில் ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுப் பிள்ளை நம் பேச்சைக் கற்க இங்கே வரும். அங்கே நம் பிள்ளைக்கு அடி விழுந்தால் இங்கேயும் விழும். இரு பக்கமும் அந்தப் பயம்தான் காவல்.

என் மகன் லீவின் லீல் நகரத்துத் துணி வியாபாரி வீட்டுக்குப் போனான். அவர் மகள் என்று சொல்லி இங்கே மரோயி வந்தாள்.

சில நாளிலேயே என் மனைவி காத்தலைனுக்கு மூக்கு வேர்த்தது.

"ஏங்க, அவ கையப் பாத்தீங்களா?"

"குளிருல வெடிச்சிருக்கும்."

"பட்டறைத் தொட்டியில கம்பளித் துணிய மிதிச்சு மிதிச்சு வெடிச்ச உங்க காலு மாதிரி இருக்கு. வியாபாரி மகளாம்."

பிறகு நானும் கவனித்தேன். கூப்பிடும் முன்பே எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளினாள். நின்றுகொண்டே தின்றாள். நான் எதையாவது எடுக்கக் கை தூக்கினாலும் தலையைக் குனிந்துகொண்டாள்.

குளிர்காலம் முடிவதற்குள் எங்கள் பேச்சு அவளுக்கு ஓரளவு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"உன்னப் பெத்தவரு யாரும்மா?"

கரண்டியைக் கீழே வைத்தாள். "செத்துட்டாரு. நான் அங்க அடுப்படி வேலைக்காரி. சொந்த மகளை அனுப்ப எசமானிக்கு மனசில்ல."

"அப்ப என் புள்ளைய அடிச்சா, கேக்க நமக்கு என்ன பிடி இருக்கு?" என்றாள் காத்தலைன்.

"உங்க ஊருலேருந்து முன்னாடி அங்க வந்த பையன சாயப் பட்டறை வேலையில விட்டாங்க," என்றாள் மரோயி. "அங்க எல்லாரும் உங்க ஊரு ஆளுங்க. யாரும் பிரெஞ்சு பேசமாட்டாங்க."

மறுநாளே லீலுக்குக் கிளம்பினேன். மரோயியையும் கூப்பிட்டேன்.

"வேணாம், சொன்னது நான்னு தெரிஞ்சா கொன்னுடுவாங்க."

அப்படியானால் எனக்கு வேண்டியதை மட்டும் பிரெஞ்சில் சொல்லிக்கொடு என்றேன்: என் மகனை வெளியே அனுப்பு. அவள் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன்.

காத்தலைன் அவள் வாயையே பார்த்தாள். "அதத்தான் சொல்லித் தர்றாளா?"

"வேற என்னத்தச் சொல்லுவா?"

"இத்தன மாசமா வியாபாரி மகளா இருந்தவதான?"

மரோயிக்குக் காது சிவந்தது. அதே வாக்கியத்தை இன்னும் நிதானமாகச் சொன்னாள்.

வழியெல்லாம் அதை முணுமுணுத்தேன். வேறு எதையாவது கற்றுக்கொண்டு போகிறேனோ என்ற எண்ணம் விடவில்லை. லீலில் வியாபாரி வீட்டுக் கதவைத் திறந்த ஆளிடம் அதைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தான். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

லீவின் வந்தான். முகம் ஒட்டிப்போயிருந்தது.

"பிரெஞ்சு கத்துக்கிட்டியாடா?"

"ரெண்டு வார்த்தை. ஒண்ணு 'சீக்கிரம்'. இன்னொண்ணு வசவு. போலாம்ப்பா."