சந்தனம் கழுவிய சுவர்

அன்று அறையில் இருந்தவர்கள்: கமிட்டித் தலைவர் சுயம்புலிங்கம் பிள்ளை, ஓய்வுபெற்ற பள்ளி இன்ஸ்பெக்டர்; எங்கள் ஊர்ச் சிவன் கோவிலுக்கும் அவரே தர்மகர்த்தா. சரித்திரப் பேராசிரியர் யேசுரத்தினம். அவருக்குக் கீழே ஆராய்ச்சி செய்யும் வைகுண்டராஜன். பிறகு தாணு என்கிற நான், அதே கோவிலின் இரவுக் காவல்காரன்; பிள்ளை வரச் சொல்லியிருந்தார். பிள்ளையும் பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நின்றோம்.

கொல்லம் ஆண்டு 1111, அதாவது 1935, ஆவணி. ஆராய்ச்சி மாணவன் அரையாண்டுக்கு ஒருமுறை கமிட்டி முன்னால் வேலையைக் காட்ட வேண்டும் என்பது சர்வகலாசாலை விதி. வேலை அவன் சொந்த வேலையாக இருக்க வேண்டும். கமிட்டி 'திருப்தி' என்று எழுதினால் படிப்பு தொடரும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். போன முறை தாமதம் என்று வைகுண்டராஜனை எச்சரித்திருந்தார்கள். இன்னொரு எச்சரிக்கை கிடையாது.

பிள்ளை அவன் படித்து எழுதியிருந்த கல்வெட்டைச் சத்தமாக வாசித்தார். கடைசி வரியில், விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவன் பெயர் வரை வந்து நிறுத்தினார்.

"இது எங்க இருக்கு?"

"உள்பிரகாரத்துல ஐயா. வடக்குச் சுவரு."

"நீரா படிச்சீரு?"

"நான்தான்."

"எங்க நின்னு?"

அதுதான் கேள்வி. வைகுண்டராஜனின் சாதியார் அந்தக் கோவில் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போலீஸ் கேஸ்.

யேசுரத்தினம் தொண்டையைச் செருமினார். "நேர்ல பாக்கணும்னு இல்ல, பிள்ளைவாள். ஈரக் காகிதத்தைக் கல்லுல ஒட்டித் தட்டி, மேல மையை ஒத்தினா எழுத்து அப்படியே வரும். வீட்டுல இருந்து படிக்கலாம்."

"அப்ப ஒட்டினது ஆரு? படி எடுத்ததும் படிச்சதும் இவரு கை வேலைன்னு நீரு கையெழுத்துப் போட்டிருக்கேரே."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பிள்ளை என் பக்கம் திரும்பினார். "கும்பிட்டுட்டு மிச்சச் சந்தனத்தை அந்தச் சுவர்லதான் தேய்க்கேன். நான் மட்டுமா, ஊரே தேய்க்கும். பங்குனியில ஒரு நாள் பாக்கேன், சுவரு குளிச்சுட்டு நிக்கி. நீயாலே கழுவின?"

"மழை பெஞ்சிருக்கும்."

"கூரைக்கு உள்ளயா?"

கழுவியது நான்தான். காகிதம் ஒட்டியதும் நான்தான். இண்டர்மீடியட்டில் நானும் வைகுண்டராஜனும் ஒரே பெஞ்சு. நான் பாதியில் விட்டேன், அவன் விடவில்லை. காகிதமும் மையும் கொண்டுவந்து கொடுத்தான், எப்படி என்று சொல்லியும் தந்தான். நட்புக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ராத்திரி முழுக்க ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயரைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். காகிதம் தாணு ஒட்டினான், படித்தது நான் என்று சொன்னால், பழி பேராசிரியர் கையெழுத்தின் மேலும் என் மேலும் போகும். அவன் ஒருவேளை தப்பிக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நானே உள்ள போனேன் ஐயா," என்றான். "இவன் உறங்கிட்டிருந்தான்."

பிள்ளையின் முகம் மலர்ந்தது. பேனாவை மையில் தோய்த்தார். "பேராசிரியரே, கேட்டுக்கிடும்."

"எழுதுங்க ஐயா. அப்ப வேலை என் சொந்த வேலைதான், விதிக்குக் குறைவில்ல. கூட இன்னொண்ணும் எழுதணும். நான் போனது பங்குனியில. நடையச் சாத்தி, தீட்டுக் கழியப் புண்ணியாகம் செஞ்சிருக்கணும், செய்யல. சித்திரையில தேரு ஓடிச்சு. நீங்கதான் முதல் வடம் பிடிச்சீங்க."

பேனா நின்றது.

"வைகாசியில உங்க மகளுக்குத் தாலி கட்டினது அந்த நடையிலதான்," என்றான், அதே மெதுவான குரலில். "தீட்டுப்பட்ட நடை. சம்பந்தி வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்களோ."

பிள்ளை அவனையே பார்த்தார். பொய் என்று அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் பொய் என்று நிரூபிக்க ஊரைக் கூட்டி விசாரிக்க வேண்டும், விசாரித்தாலே சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும். பேனா முனையில் மை காய்ந்தது. மறுபடியும் தோய்த்து, 'திருப்தி' என்று எழுதிக் காகிதத்தைத் தள்ளினார்.

வெளியே வந்ததும் வைகுண்டராஜனின் கையைப் பிடித்தேன்.

"கடைசி வரி எப்படி மக்கா கிடைச்சு? தரையோரம் எனக்குக் காகிதம் கிழிஞ்சிட்டு. நான் தந்ததுல அந்த வரி இல்லயே."

"உனக்கு மறந்திருக்கும்."

"மறக்கல்ல."

"அப்போ கிழியாம இருந்திருக்கும்," என்று சிரித்துவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு நடந்தான்.

நான் நேரே கோவிலுக்குப் போனேன். வடக்குச் சுவரில் நான் கழுவிய இடத்தில் ஊர் மறுபடியும் சந்தனம் தேய்த்திருந்தது. கீழே, தரையை ஒட்டி, யாரும் குனிந்து தேய்க்காத இடத்தில் கடைசி வரி சுத்தமாக இருந்தது. எழுத்துக் குழிகளில்கூடத் தூசி இல்லை. நான் அதைத் தொட்டதே இல்லை. அப்படியானால் அவன் அறையில் சொன்னது பொய்யில்லை. நான் உறங்கியதும் உண்மை. எத்தனை தடவை வந்திருப்பான் என்று தெரியவில்லை.

சாயங்காலம் வேலைக்கு வந்தபோது வாசலில் பிள்ளை புதுப் பூட்டோடு நின்றார்.

"இனிமே வெளிய இருந்து நான் பூட்டிட்டுப் போவேன். விடிஞ்சா திறக்கேன்."

"காவல்காரனையா பூட்டுதீங்க?"

"உறங்குத காவல்காரனை."

அவர் என்னை நம்பவில்லை. நானும் வைகுண்டராஜனை நம்பவில்லை. உள்ளே காலை வைத்தேன். பின்னால் அவரே கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.