ஒரு விரல் உயரம்

பக்கவாதம் வந்த அப்பா அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து வருகிறார். காலை இழுத்து நடந்தால் கல்தரை வழுக்கும் என்று, அவர் அறைக்கு மரத்தரை போடச் சொன்னவள் அம்மா. அவர் நடப்பார் என்று அடித்துச் சொன்னவளும் அவள்தான்.

மாலை வகுப்புக்குக்கூடப் போகாமல் நான் அறையைக் காலிசெய்தேன். சுவரடியோரம் பதித்திருந்த பலகைப் பட்டைகளைக் கழற்றினேன், தரையைத் துடைத்துக் காயவிட்டேன். எதையோ மறந்துவிட்டேன் என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை.

தச்சர் வந்து பார்த்தார். "எறும்புக்குக்கூட வேலை வெக்கல தம்பி!" என்று சிரித்தபடி, பலகை ஒன்றைக் கதவடியில் வைத்தார். "கதவைக் கொஞ்சம் சீவணும். தரை ஒரு விரல் உசரம் ஏறும்ல?"

"அப்போ வாசல்ல அப்பாவுக்குக் கால் தட்டுமா?"

"சரிவா ஒரு கட்டை அடிச்சுத் தரேன். ஆனா கால இழுக்கறவருக்கு அதுவும் தட்டும்."

குளியலறைக்குப் போக அப்பா அந்த வாசலைத்தான் தாண்ட வேண்டும். அறை முழுவதையும் அளந்த நான், பலகையின் தடிமனை நினைக்கவே இல்லை.

"தப்புப் பண்ணிட்டேம்மா. வேண்டாம்னு சொல்லிடலாமா?"

அறைக்குள் வந்து நின்ற அம்மா, அப்பாவின் கட்டில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடட்டும்டா. எழுந்து நடந்தாத்தானே தட்டும்."

தச்சர் கதவைக் கழற்றத் தொடங்கினார்.