குரல் வராத முட்டைகள்

பொரிப்பகக்காரி மெஷின் கதவைத் திறந்து, தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. இன்னொன்றை எடுத்தாள், அதிலும் இல்லை. வெதுவெதுப்பான ஓட்டுக்குள் லேசாக ஏதோ உதறுவது மட்டும் விரலுக்குத் தெரிந்தது. நாளைக்குள் உள்ளேயிருந்து கீச்சென்று குரல் வந்துவிடும். குரல் வந்துவிட்டால் குஞ்சு பொரிக்கும் தொழிலில் இருக்கிற எவரும் அப்புறம் சுவிட்சில் கை வைக்கமாட்டார்கள். அணைப்பதென்றால் இன்றைக்கே அணைக்க வேண்டும்.

எல்லைக் கேட் மூடிக் கிடந்தது. எல்லையோர மலையில் ரேடார் வைக்க இடம் கேட்டிருந்தது பக்கத்து நாடு. ஊரில் அந்த நாட்டுக்குப் ‘பெரிய வீடு’ என்று பெயர். “அப்போ நாம யாரு, சின்ன வீடா?” என்று டீக்கடையில் யாராவது கேட்பதும், எல்லோரும் சிரிப்பதும் வழக்கம்தான். இந்தத் தடவை நம் அரசாங்கம் முடியாது என்று சொல்லிவிட்டது. மறுநாளே நம் கோழிகளுக்கெல்லாம் நோய் வந்திருப்பதைப் பெரிய வீட்டு அதிகாரிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். என்ன நோய் என்று கேட்டால் பதில் கிடையாது. குஞ்சு அந்தப் பக்கம் போகக் கூடாது, தீவனம் இந்தப் பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

முன்பு ஒருமுறையும் இப்படித்தான் ஆயிற்று. வேறு யாரிடமோ நாம் போர் விமானம் வாங்கிவிட்டோம் என்ற கோபத்தில் கேட்டைச் சாத்தினார்கள். அப்போது அவள் பொரிக்கவிட்டுவிட்டாள். இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டு அரிசியை நொய்யாக உடைத்துப் போட்டாள், அதுவும் தீர்ந்தது. அந்தக் கத்தல் இருக்கிறதே! ஒரு கொட்டகை முழுக்கப் பசியில் கத்தியது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, பிறகு இல்லை. செத்தாலும் இன்னொரு தடவை அதைக் கேட்கமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

தம்பி பட்டாளத்தில் இருந்தான். இப்போது அந்த மலைமேல்தான் அவன் படை நின்றது. முந்தின நாள்தான் போனில் பேசினான்.

“வந்தா வரட்டும்க்கா. மலைய விட்டு ஒருத்தனும் எறங்க மாட்டோம்.”

“குடுத்துத் தொலைச்சா என்னடா? அங்க என்ன வெளையுது? வெறும் கல்லு.”

“அப்படிப் பேசாதக்கா.”

அவன் குரல் சட்டென்று அந்நியமாகிவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஆசை மாறவில்லை. மலை போனால் போகட்டும், கேட் திறக்க வேண்டும், தம்பி உயிரோடு கீழே வர வேண்டும். பெற்றவர்கள் போனபிறகு சோறு ஊட்டி வளர்த்தவளுக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

மத்தியானம் டிவியில் மந்திரி வந்தார். ஒரு பிடி மண்ணைக்கூட விட்டுத்தர மாட்டோம் என்று கழுத்து நரம்பு புடைக்கப் பேசினார். பிறந்ததிலிருந்து எந்த மந்திரி பேச்சையும் அவள் நம்பியதில்லை. இன்றைக்கு நம்பினாள். தம்பி சொன்னதையே இவரும் சொன்னதால் நம்பினாள். இனி கேட் திறக்காது என்று மனசுக்குப் பட்டுவிட்டது. எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். மின்விசிறி ஓய்ந்து நிற்கிறவரை அங்கேயே நின்றாள். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் தரகன் போன் செய்தான்.

“அக்கா, கேட்டத் தெறந்தாச்சு! குஞ்சு வெளிய வந்ததும் லோடு ஏத்திருங்க. நம்ம கோழிக்கெல்லாம் ஒரே ராத்திரியில நோவு கொணமாயிருச்சாம்!” சிரித்தான்.

“மலை?”

“அதான் குத்தகைக்கு எழுதிக் குடுத்துட்டாங்களே. பாதுகாப்பு, வியாபாரம் எல்லாத்துக்கும் ஒரே மேசையில கையெழுத்து.”

“லோடு இல்ல.”

“என்னக்கா, வெளையாடறீங்களா?”

போனை வைத்துவிட்டு மெஷினைத் திறந்தாள். முட்டைகள் சில்லிட்டிருந்தன. எதை எடுத்தாலும் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மந்திரியைத் திட்டினாள், பெரிய வீட்டைத் திட்டினாள். “ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாடி பாவி” என்று தன்னையே திட்டினாள்.

சாயங்காலம் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தோளில் மூட்டையோடு தம்பி நின்றான். கைகால் எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். அவன் அழவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மெஷின் அறையை எட்டிப் பார்த்தான்.

“ஏன்க்கா சத்தமே இல்ல? ஏன் நிறுத்தி வெச்சிருக்க?”

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“நீங்க எறங்க மாட்டீங்கன்னு நம்பிட்டேன்டா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவன் முகம் கறுத்துப்போயிற்று. மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான்.

அவள் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கினாள். முட்டை புதைக்க முழங்கால் ஆழம் போதும். அவன் நிறுத்தவில்லை. இடுப்பளவு இறங்கினான், மார்பளவு இறங்கினான். பக்கச்சுவர்களை நூல் பிடித்ததுபோலச் செதுக்கினான். அள்ளிய மண்ணையெல்லாம் ஒரே பக்கமாக, மலை இருக்கிற பக்கமாகக் குவித்து, மண்வெட்டியால் தட்டிக் கெட்டிப்படுத்தினான்.

“போதும்டா. மேல வா.”

அவன் வரவில்லை. பதுங்குகுழியில் காவல் நிற்பதுபோல, குவித்த மண்மேல் முழங்கைகளை ஊன்றி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே பெரிய வீட்டு வண்டிகளின் விளக்குகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன.

“டேய், வாடா. கை நீட்டு, தூக்கிவிடறேன்.”

“நீ கொட்டுக்கா” என்றான், திரும்பாமல்.

அவள் தட்டைப் பிடித்தபடி விளிம்பில் நின்றாள். சாய்ந்த தட்டில் முட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அவன் பக்கமாக உருண்டன.