அருக்காணியின் உடைந்த பல்

காப்பிப் பழம் பறிக்கும் பருவம். ஏற்காட்டு மலையில் வெள்ளைக்கார துரையின் எஸ்டேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில், கடைசி வரிசையில் அருக்காணி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். வலது கை வாயை மூடியிருந்தது.

ஒரு மாதத்துக்கு முன்பு, காப்பிக்களத்தில் வேலை செய்த அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தாள். முன்பற்கள் இரண்டும் பாதியாக உடைந்துவிட்டன. காயம் பத்து நாளில் ஆறியது. ஆனால் பிள்ளைகள் மாறிப்போனார்கள்.

"சண்டைக்காரி. யாரையோ கடிக்கப் போயி பல்லு ஒடஞ்சிருக்கும்" என்று கூடப் படிக்கும் சென்றாயன் கதை கட்டினான். எல்லோரும் நம்பினார்கள். விழுந்தபோது கூடவே இருந்த அவள் தோழி காவேரிக்கு உண்மை தெரியும். தன்னையும் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து, அவளும் முன் வரிசைக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அருக்காணி யாரிடமும் பேசவில்லை. மற்றவர்கள் பாண்டி ஆடும்போது சவுக்கு மரத்தடியில் நின்று பார்ப்பாள். "ஏங்கண்ணு, வெளையாடலியா?" என்று அம்மா கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒருநாள் வாத்தியாரின் பேனாவைக் காணவில்லை.

"அருக்காணிதானுங்க எடுத்திருப்பா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க" என்றான் சென்றாயன்.

"எடுத்தியா?" என்று வாத்தியார் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசவில்லை. அதையே குற்றமாக எடுத்துக்கொண்டு, வாத்தியார் அவளை வெளியே நிற்கச் சொன்னார். பனிமூட்டத்தில் நனைந்தபடி நின்றாள்.

மாலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது பேனா அதற்குள் இருந்தது. வாத்தியாரின் முகம் வாடிப்போயிற்று. அவளை உள்ளே அழைத்தார்.

"எடுக்கலைன்னு சொல்லியிருக்கலாமே, சாமி?" என்று பரிவோடு கேட்டார்.

"வாயத் தொறந்தா சிரிப்பாங்களுங்க."

காவேரி எழுந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவ சண்டை போடலீங்க. கஞ்சி கொண்டுபோறப்ப உழுந்துட்டா. கூடவே இருந்தும் நான் சொல்லாம உட்டுட்டனுங்க."

சிலேட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் அருக்காணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்:

"பல்லு ஒடஞ்சா ஒருத்தி கெட்டவளாயிருவாளா? மூஞ்சியப் பாத்து ஒருத்தரோட கொணத்த முடிவு பண்றது நொம்பத் தப்பு. அந்தத் தப்ப நாம அத்தனை பேரும் பண்ணிட்டோம்."